பற்றுவாய் இல்லாத துப்பாக்கி

என் சரித்திர நாவலொன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு எழுதியிருந்தார். ரிடையரான தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்று கையெழுத்துக்குக் கீழே குறிப்பிட்டிருந்தார். பாராட்டு இரண்டு வரியோடு முடிந்துவிட்டது. பிறகு விஷயத்துக்கு வந்தார். "உங்கள் கதாநாயகன் 1801-ஆம் வருஷத்தில், கொட்டுகிற மழையில், குதிரைமேல் இருந்தபடியே ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியால் மூன்று பேரை அடுத்தடுத்துச் சுட்டுத் தள்ளுகிறான். நடுவில் ஒரு தடவைகூட மருந்து கெட்டித்ததாகத் தெரியவில்லை. அந்தத் துப்பாக்கி எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிவித்தால் எனக்கும் ஒன்று வாங்கிக்கொள்ள உத்தேசம்."

சிரித்துவிட்டுக் கார்டை மேஜை டிராயருக்குள் போட்டேன். ஆனால் அது டிராயருக்குள் சும்மா கிடக்கவில்லை. அந்த நாவலைப் பற்றி நாலைந்து பேர் விமரிசனம் எழுதியிருந்தார்கள். பாத்திரங்கள் உயிரோடு உலவுகின்றன என்றார் ஒருவர். காலம் கண்முன் நிற்கிறது என்றார் இன்னொருவர். கண்முன் நின்ற அந்தக் காலத்தின் கையில் இருந்த துப்பாக்கியை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. எழுதிய நானும் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் அசலைப் பார்க்க ஆசைப்பட்டுச் சென்னைக் கோட்டை மியூசியத்துக்குப் போனேன். பார்க்கலாம், தொடக்கூடாது. தூக்கிப் பார்க்காத பொருளின் கனத்தை எழுதுவது எப்படி? சமையற்கட்டுக்குள் நுழையாதவன் ரசம் வைப்பதைப் பற்றி எழுதினால் அதில் புளி இருக்கும், மிளகு இருக்கும், கொதி இருக்காது.

நான் சக்கிமுக்கித் துப்பாக்கியைக் கையில் எடுத்தது அமெரிக்காவில்தான். பென்ஸில்வேனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் சில பேருக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. 1775-லிருந்து 1783 வரையில் நடந்த சுதந்திரப் போரின் சிப்பாய்களைப் போல உடையணிந்து, அந்தக் காலத்துக் கூடாரம் அடித்து, அந்தக் காலத்துச் சட்டியில் சமைத்து, பழைய சண்டைகளைத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். குண்டில்லாமல் வெறும் மருந்தை வெடிப்பார்கள். நம் வாத்தியார் பல வருஷங்களாக பிரிட்டிஷ் ராஜாவின் சிப்பாய். யாராவது தோற்றுத்தானே ஆகவேண்டும் என்றார்.

அவரிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டும் 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் காலாட்படைத் துப்பாக்கியின் நகல்கள். குழல் 42 அங்குல நீளமுள்ள குட்டை ரகம். இரண்டும் அயல்நாட்டுச் சரக்கு. ஒன்று இத்தாலியில் செய்தது. மற்றதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இது உங்கள் ஊர்" என்றார். நாலரைக் கிலோவுக்குக் குறையாத கனம். உங்கள் ஊர் என்று அவர் சொன்னது வட இந்தியாவை. அங்குள்ள பட்டறைகளில் இவற்றைக் கையால் செய்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்புகிறார்கள். எனக்கு அதுவரையில் தெரியாது.

நகல் என்றதும் முகம் சுளிப்பது நமக்குப் பழக்கம். மணிக்கொடிக் காலத்தில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று நடந்த சண்டையின் புழுதி இன்னும் முழுக்க அடங்கவில்லை. இந்த இரண்டு துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது. இத்தாலிக்காரர் செய்தது சுத்தமான அச்சுப் பிரதி. கட்டை நல்ல வால்நட். இரும்பும் மரமும் சேருகிற இடத்தில் நகக்கண்கூட நுழையாது. இந்தியத் துப்பாக்கியில் கட்டை தேக்கு. வால்நட் மாதிரி தெரிய வேண்டுமென்று சாயம் பூசியிருந்தார்கள். கை பிடிக்கிற இடத்தில் ஒரு சுற்றுத் தடிமன் அதிகம். பித்தளை வேலையில் அரத்தின் தடம் தெரிந்தது. விலை இத்தாலியனில் ஏறக்குறையப் பாதி.

விஷயம் இவ்வளவுதான் என்றால், விலைக்கேற்ற சரக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் அந்த அழகான இத்தாலியப் பிரதியில் ஒரு பொய் இருந்தது. பக்கத் தகட்டில் 'கிரைஸ் 1762' என்று பொறித்திருந்தது. கிரைஸ் என்பவர் அந்தக் காலத்தில் படைக்குத் துப்பாக்கிப் பூட்டுகள் செய்து கொடுத்தவர். ஆனால் 42 அங்குலக் குழலைப் பிரிட்டிஷ் காலாட்படைக்குப் பொதுவாக்கியது 1760-களின் கடைசியில். 1762-இல் காலாட்படை சுமந்தது 46 அங்குலக் குழலை. அதாவது, பிறப்பதற்கு முந்திய தேதியைப் பிறந்த தேதியாகப் போட்டுக்கொண்டிருக்கிறது துப்பாக்கி. மெருகில் ஒரு குறையும் இல்லை. தேதி மட்டும் தப்பு. இப்படிப்பட்ட நாவல்களை நமக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன்.

வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிந்தேதான் இருந்தது. இத்தாலியில் ரகம் குறைவு, அதிகம் விற்பதைத்தான் செய்வார்கள், இந்தியப் பட்டறையிலோ நீண்ட குழல் ரகம், கப்பல் படை ரகம், 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்துப் பிரெஞ்சு ரகங்கள், வாயகன்ற குட்டைத் துப்பாக்கி எல்லாம் கிடைக்கும் என்றார். யாரும் சீந்தாத ஒரு பழைய படைப்பிரிவின் வேஷம் போட ஆசைப்படுகிற ஏழைக்கு இந்தியச் சரக்கை விட்டால் வேறு கதி இல்லை. இந்த வியாபாரம் பெரிதானதும் நினைவு விழாக்களால்தான். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்கியபோது இத்தாலியில் நகல் துப்பாக்கிப் பட்டறைகள் தழைத்தன. 1976-இல் சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டு வந்தபோது ஜப்பானிலிருந்துகூடப் பிரவுன் பெஸ் வந்து இறங்கியது. கும்பாபிஷேகம் வந்தால் ஊரில் கடை முளைப்பதைப் போலத்தான்.

சரி, அசல் எது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் விஷயம் எனக்கு ஸ்வாரஸ்யமாயிற்று. பிரிட்டிஷ் படைக்குத் துப்பாக்கி செய்த முறை இது: மாதிரி ஒன்றைத் தயாரித்து, அதில் அரக்கு முத்திரை குத்தி வைத்துவிடுவார்கள். குழல் ஒருவர், பூட்டு ஒருவர், பித்தளை ஒருவர் என்று பல பட்டறைக்காரர்கள் அந்த மாதிரியைப் பார்த்துத் தனித்தனியே செய்து கொடுப்பார்கள். லண்டன் கோபுரத்துக் கிடங்குகளில் சேர்ந்த இந்தப் பகுதிகளை வேறு கைகள் எடுத்துக் கட்டையில் பொருத்தும். ஆகவே மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அசல் என்று படுத்திருக்கிறதே, அதுவே ஒரு நகல். அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. சுதந்திரம் வாங்கிய கையோடு சொந்தமாகத் துப்பாக்கி செய்ய ஸ்பிரிங்ஃபீல்டில் ஆயுதச்சாலை வைத்தார்கள். அங்கே செய்த 1795-ஆம் வருஷ மாதிரி, போரில் உதவிக்கு வந்த பிரெஞ்சுத் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது. புதிய தேசத்தின் முதல் தேசியத் துப்பாக்கி ஒரு தழுவல்.

நம் பங்கும் இதில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக, குழலை 39 அங்குலமாகக் குறைத்து, வேலைப்பாட்டையும் குறைத்து, மலிவாக ஒரு ரகம் செய்து வைத்திருந்தது. 1790-களில் பிரான்சோடு சண்டை மூண்டபோது பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் போதிய துப்பாக்கி இல்லை. கம்பெனியின் கையிருப்பை வாங்கிக்கொண்டார்கள். 1797-இல் தாங்களும் அதே ரகத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1815-இல் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காலாட்படை பெரும்பாலும் சுமந்தது இதைத்தான். இதற்கு 'இந்திய மாதிரி' என்றே பெயர். செய்தது மட்டும் இங்கிலாந்தில். அன்றைக்கு இந்திய மாதிரியை ஆங்கிலேயன் செய்தான். இன்றைக்கு ஆங்கிலேய மாதிரியை இந்தியன் செய்கிறான். வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பாடம் கேட்கிற பையனைப் போல் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஆகவே நகல் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளிவிட முடியாது. எதைக் கொண்டு தரம் பார்ப்பது? உருவ ஒற்றுமை என்பார்கள். உருவ ஒற்றுமைதான் முக்கியம் என்றால் ஸ்பெயினில் மினோர்க்காத் தீவில் செய்கிற அலங்காரத் துப்பாக்கிகளே போதும். துத்தநாகக் கலவையை வார்த்து, மரப்பிடி சேர்த்து, சுவரில் மாட்டிக்கொள்ள வசதியாகக் கைத்துப்பாக்கிகள் செய்கிறார்கள். குதிரை மடங்கும், விசை இழுபடும், 'டிக்' என்று ஓசைகூட வரும். அத்தோடு சரி. அவற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சுடும் என்று அவை சொல்லவே இல்லையே.

இந்தியத் துப்பாக்கியின் சங்கடம் வேறு. அது சுடும் என்றும் சொல்லாது, சுடாது என்றும் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளச் சக்கிமுக்கித் துப்பாக்கி வெடிக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல்லைத் தோல் சுற்றி இறுக்கியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்னுக்குச் சாயும். அதன் கீழேயிருந்த சின்னக் கிண்ணி திறந்துகொள்ளும். கிண்ணியிலுள்ள சிட்டிகை மருந்தில் பொறி விழுந்து அது பற்றும். அந்த நெருப்பு குழலின் பக்கத்திலுள்ள ஓர் ஊசித் துளை வழியாக உள்ளே நுழைந்து, உள்ளே கெட்டித்திருக்கும் மருந்தை வெடிக்க வைக்கும். அந்தத் துளைக்குத் தமிழில் பற்றுவாய் என்று பழைய பெயர் இருக்கிறது. நல்ல பெயர்.

இந்தியத் துப்பாக்கிகள் பற்றுவாய் இல்லாமல் கப்பலேறுகின்றன. பூட்டு இருக்கும், கல் இருக்கும், கிண்ணி இருக்கும், குழலில் துளை இருக்காது. துளை இல்லாதவரையில் அது துப்பாக்கி அல்ல, அலங்காரப் பொருள். சட்டத்துக்கும் சுங்கத்துக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கணக்கு. அங்கே போய் இறங்கிய பிறகு விற்கிறவரோ வாங்கினவரோ துளை போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1968-ஆம் வருஷத்து துப்பாக்கிச் சட்டம் இப்படிப்பட்ட பழைய மாதிரி நகல்களைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பதால் தபாலில்கூட வந்து சேரும். கனடாவில் ஒரு விசித்திரம்: நீண்ட சக்கிமுக்கித் துப்பாக்கியின் நகலுக்கு லைசென்ஸ் தேவையில்லை; அதே பூட்டு வைத்த கைத்துப்பாக்கியின் நகலுக்குத் தேவை. உடுப்புக்குள் மறைக்க முடிகிறதே என்பதுதான் வித்தியாசம்.

பற்றுவாய் இல்லாததன் முதல் விளைவு எல்லாருக்கும் தெரியும். குழல் தாங்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. இத்தாலியில் ஒவ்வொரு குழலையும் அதிகப்படி மருந்து கெட்டித்து வெடித்துப் பார்த்து முத்திரை குத்துகிற சட்டபூர்வமான சாலை கார்தோனே என்ற ஊரில் இருக்கிறது. பிரிட்டனில் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இலிருந்து இதைச் செய்து வருகிறது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே இந்தியக் குழலை முதன்முதலாகச் சோதிப்பவன் அதைத் தோளில் வைத்துச் சுடுகிறவன்தான். கெட்டிக்காரர்கள் அதைச் சக்கரத்தில் கட்டித் தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்துப் பார்க்கிறார்கள். நம் வாத்தியாரும் அப்படித்தான் செய்தாராம். துளை போட்டு விற்கிற வியாபாரிகளில் சிலர் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் அபிப்பிராயம். கட்டை என்ன மரம் என்பது இரண்டாவது கேள்விகூட அல்ல.

ஆனால் என்னை அதிகமாக உறுத்தியது இரண்டாவது விளைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் தம் கூட்டத்தார் சுடுகிற மைதானத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். இரண்டு துப்பாக்கிகளிலும் பத்துப் பத்துத் தடவை வெடித்துக் காட்டினார். இத்தாலியன் ஒன்பது தடவை வெடித்தது. இந்தியன் ஆறு. 'அது இப்போது திருந்திவிட்டது. வந்த புதிதில் பத்துக்கு இரண்டு' என்றார். காரணம் கேட்டேன். பொறி பறக்க வேண்டிய எஃகுத் தகட்டைச் சரியாகப் பதம் பண்ணவில்லை. கல் உரசினால் பள்ளம் விழுகிறதே தவிரப் பொறி விழவில்லை. உள்ளூர்க் கொல்லர் ஒருவரைக் கொண்டு பழுக்கக் காய்ச்சித் தோய்த்து வாங்கிய பிறகுதான் இந்த ஆறு.

எந்தப் பட்டறையில் செய்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டறையிலிருந்த கொல்லரைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். கையால் அரம் போட்டு இவ்வளவு பெரிய குழலுக்கு இவ்வளவு ஒத்த பூட்டைச் செய்கிறவர் கை தெரியாதவர் அல்ல. எஃகைப் பதம் பண்ண அறியாத கொல்லர் நம் நாட்டில் உண்டா? அவருக்கு வித்தை இல்லாததால் வந்த குறை அல்ல இது. பற்றுவாய் இல்லாமல் அனுப்பும் துப்பாக்கியைச் செய்தவர் ஒரு தடவைகூட வெடித்துப் பார்த்திருக்க முடியாது. படத்தைப் பார்த்து, மாதிரியைப் பார்த்து, அளவெடுத்துச் செய்கிறார். அது எழுப்புகிற சத்தத்தை அவர் காது கேட்டதில்லை. அதன் புகை அவர் கண்ணில் பட்டதில்லை. பொறி விழுந்ததா என்று பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. தகடு தகடு மாதிரி இருந்தால் போதும். என் நாவலின் 214-ஆம் பக்கத்தில் துப்பாக்கி துப்பாக்கி மாதிரி இருந்ததே, அதுபோல.

சக்கிமுக்கித் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டிருந்தவர்கள் எழுதினால் எப்படி இருக்கும்? புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' கவிதை நாவலில், ஆறாவது அத்தியாயத்தில் இரண்டு சிநேகிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளப் போகிறார்கள். நெஞ்சு துடிக்கிற அந்தக் கட்டத்தில் புஷ்கின் அவசரமே படாமல் குண்டை இறக்குவதையும், கிண்ணியில் மருந்து விழுவதையும், இறுக்கிய கல்லைத் தூக்கி நிறுத்துவதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சோகத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. சாவு வந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் சின்னச் சின்ன இரும்புக் காரியங்களே சொல்லிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய உதாரணம் லெர்மான்டவ். 1840-இல் புஸ்தகமாக வந்த 'நம் காலத்து நாயகன்' நாவலின் கடைசிப் பகுதியில், மனிதனுக்கு விதி என்று ஒன்று உண்டா என்று பட்டாளத்து அதிகாரிகள் சீட்டாட்டத்துக்குப் பிறகு தர்க்கம் பண்ணுகிறார்கள். வூலிச் என்ற ஒருவன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கைத்துப்பாக்கிகளில் ஒன்றை எடுத்து, கிண்ணியில் மருந்து போட்டு, தன் நெற்றியில் வைத்து விசையை இழுக்கிறான். வெடிக்கவில்லை. கெட்டித்திருக்கவே மாட்டார்கள் என்கிறான் ஒருவன். வூலிச் மறுபடி குதிரையை இழுத்து, ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்த தொப்பியைப் பார்த்துச் சுடுகிறான். இந்தத் தடவை வெடிக்கிறது. தொப்பியின் நடுவே ஓட்டை. அதே இரவில் தெருவில் ஒரு குடிகாரனின் வாளுக்கு அவன் பலியாகிறான்.

இந்தக் கதை முழுவதும் சக்கிமுக்கித் துப்பாக்கியின் ஒரு பலவீனத்தின்மேல் நிற்கிறது. தோட்டா போட்ட பிற்காலத்துத் துப்பாக்கியை வூலிச் கையில் கொடுத்திருந்தால் கதை அந்த வரியிலேயே முடிந்திருக்கும். கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே, கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவே இருக்கிற நிச்சயமில்லாத கண்ணிமைப் பொழுதில்தான் லெர்மான்டவுக்கு விதி என்ற கேள்வி கிடைத்தது. காக்கஸஸ் பட்டாளத்தில் இருந்தவர் அவர். அந்தக் கண்ணிமைப் பொழுது அவருக்குப் பழக்கம். மைதானத்தில் நானும் அதைக் கேட்டேன். முதலில் கல் விழுகிற ஓசை, உடனே கிண்ணியில் 'புஸ்' என்று ஒரு வெளிச்சம், அதற்கப்புறம்தான் இடி. சில தடவை வெளிச்சத்தோடு நின்றுவிடும். அப்போது சுடுகிறவர் துப்பாக்கியை இறக்காமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறார். உள்ளே கங்கு கிடந்து தாமதித்து வெடித்தாலும் வெடிக்கலாம். அந்த எண்ணிக்கை எவ்வளவு நீளம் என்பது எந்தப் புஸ்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்துக்கு நாலு தடவை வெடிக்காத துப்பாக்கிதான் நிஜமான பிரதியா என்று வாத்தியாரைக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அசல் துப்பாக்கி தவறியது கல் மழுங்கியதால், காற்றில் ஈரம் இருந்ததால், பற்றுவாயில் கரி அடைத்ததால்; அந்தத் தவறுகளுக்கு அர்த்தம் உண்டு, சிப்பாய் அவற்றைச் சரி பண்ணக் கற்றிருந்தான். தகடு பதமில்லாமல் தவறுவது வெறும் தவறு. இதை நான் விமரிசகர்கள் பலரிடமிருந்தும் கேட்டதில்லை. பழைய காலத்தின் கஷ்டத்தைக் காட்டுகிறேன் என்று கரடுமுரடாக எழுதிவைக்கிறவர்களிடம் சொல்ல வேண்டிய பதில் இது.

ஊர் திரும்புமுன் எது வாங்குவீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். வாங்கி நான் என்ன செய்ய? ஆனாலும் யோசித்தேன். தேதி தப்பானாலும் சோதித்து முத்திரை குத்திய இத்தாலியனைத்தான் தோளில் வைத்துக்கொள்வேன் என்றேன். மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் மற்றதைக் கேட்பேன். அரத்தின் தடம் தெரிகிற அந்தப் பித்தளையைத் தடவிப் பார்த்தால் செய்தவர் கை தெரிகிறது.

நாவலின் அடுத்த பதிப்புக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். மழையை நிறுத்தினேன். கதாநாயகனைக் குதிரையிலிருந்து இறக்கினேன். மூன்று பேர் ஒருவரானார். பல்லால் காகிதத்தைக் கிழித்து, கிண்ணியில் கொஞ்சம், குழலில் மிச்சம், பிறகு கெஜக்கோலால் இடித்து அவன் நிமிர்வதற்குள் எதிராளி பாதி தூரம் ஓடி வந்துவிடுகிறான். விசையை இழுக்கிறான், கிண்ணியில் வெளிச்சம் வருகிறது. அங்கே அத்தியாயத்தை முடித்திருக்கிறேன். திருத்திய பக்கத்தைத் தாலுகா ஆபீஸ்காரருக்கு அனுப்பிவைத்தேன். பதில் கார்டு போன வாரம் வந்தது. துப்பாக்கி இப்போது சரியாக இருக்கிறதாம். ஆனால் 1801-இல் பாளையக்காரர் பக்கத்து ஆள் ஒருவனுக்குக் கம்பெனி மருந்துத் தோட்டா எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருக்கிறார்.